வாரக்கடைசியில் பழைய கேமரா விற்பவளுக்கு எந்த டாக்ஸ் சாஃப்ட்வேர்? தள்ளுபடிகளைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன்

எடிசன் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன். எனக்கும் அவருக்கும் டபிள்யூ-2 சம்பளம், அதாவது கம்பெனியே வரி பிடித்துத் தருவது. அவருக்கு வேலை நியூயார்க்கில், மன்ஹாட்டனில். இது போக, சனிக்கிழமை காலையில் யார்ட் சேல் (வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது) சுற்றுவது என் பழக்கம். அவர் அதை வியாதி என்பார். பழைய ஃபிலிம் கேமராக்களைப் பத்துக்கும் பதினைந்துக்கும் வாங்கி வருவேன். பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். காது குடையும் பஞ்சை வினிகரில் தொட்டு நாலு முறை துடைத்தால் பாதிக்குப் பாதி உயிர் வந்துவிடும். ஷட்டர் 'டக்' என்று விழும் சத்தம் கேட்டதும் போட்டோ எடுத்து ஈபேயில் போட்டுவிடுவேன்.

2025-ல் இப்படி 29 கேமராக்கள் போயின. பிள்ளையும் வளர்ந்துவிட்டானா, அவனுடைய ஸ்ட்ரோலர், கட்டில், லெகோ பெட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்தே விற்றேன். ஜனவரி கடைசியில் 1099-கே (விற்பனைத் தளம் எனக்கும் வரித் துறைக்கும் அனுப்பும் மொத்த வரவுப் படிவம்) வந்து நிற்கிறது: 2,690 டாலர். கேமரா 1,540, வீட்டுச் சாமான் 1,150.

போன வருஷம் பட்ட அவஸ்தையையும் சொல்லிவிடுகிறேன். பாங்க் அனுப்பிய பாதி விலை லிங்க்கைப் பிடித்து ஓர் ஆன்லைன் புரோகிராமில் உட்கார்ந்தேன். நாலு ராத்திரி தட்டச்சு. கடைசி ராத்திரி, "இந்தப் படிவத்துக்கு மேல் பதிப்பு வேண்டும்" என்றது. சரி என்றேன். மாநிலத்துக்குத் தனி, இரண்டாவது மாநிலத்துக்கு இன்னொரு தனி. ரீஃபண்டிலிருந்தே கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் அதற்கும் ஒரு கட்டணம். 60 டாலர் என்று தொடங்கியது 190-ஐத் தாண்டியது. மறுபடி முதலிலிருந்து வேறு இடத்தில் தட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது?

இந்த வருஷம் டர்போடாக்ஸ் டெஸ்க்டாப் (கணினியில் ஏற்றிக்கொள்ளும் டாக்ஸ் புரோகிராம்) 'ஹோம் அண்ட் பிசினஸ்' பதிப்பு தள்ளுபடியில் கண்ணில் பட்டு, கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன். என் கணக்குப்படி கேமராவில் நின்ற லாபமே 365 டாலர்தான். இதற்கு இவ்வளவு பெரிய பதிப்பு வேண்டுமா?

டல்லஸ் தம்பி:

அக்கா, 1099-கே எல்லை திரும்பவும் பழையபடி 20,000 டாலர், 200 விற்பனை என்று ஆகிவிட்டதே. 2025 ஜூலையில் வந்த சட்டம். உங்களுக்கு எப்படி வந்தது? தப்பாக அனுப்பியிருப்பார்கள், விட்டுவிடுங்கள். நான் வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் டெஸ்க்டாப் டீலக்ஸ் (அதைவிடச் சின்னப் பதிப்பு) வாங்குவேன், ஒரு ராத்திரியில் வேலை முடியும். எங்கள் டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது, அந்தத் தொல்லையும் இல்லை.

பழைய கணக்குப்பிள்ளை:

தம்பி, அவசரப்பட்டு விட்டுவிடச் சொல்லாதீர்கள். 20,000 என்பது ஃபெடரல், அதாவது மத்திய அரசின் எல்லை. நியூ ஜெர்சிக்குத் தனி எல்லை இருக்கிறது, 1,000 டாலர். மாசசூசெட்ஸ், மேரிலாந்து, வர்ஜீனியா, வெர்மான்ட்டில் 600. அதனால் மீனாவுக்கு வந்தது சரியான படிவம்தான். அதுவும் தவிர, படிவம் வந்தாலும் வராவிட்டாலும் லாபம் வருமானம்தான்.

மீனா, 22 வருஷமாக என் ரிட்டர்னை (வரிக் கணக்கை) நானே போடுகிறவன் சொல்கிறேன்: தள்ளுபடியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஒரு தாளில் உங்களுக்கு எந்தெந்தப் படிவம் தேவை, எத்தனை மாநிலம் என்று எழுதுங்கள். பிறகு கடைக்குப் போகலாம். நீங்கள் போன வருஷம் செய்தது அதற்கு நேர் எதிர்.

உங்கள் 2,690 மூன்று இடத்துக்குப் போக வேண்டிய பணம். கேமரா விற்பனை ஷெட்யூல் சி, அதாவது சொந்தத் தொழிலின் வரவு செலவுப் படிவம். லாபம் பார்க்கத்தான் வாங்கி விற்கிறீர்கள், சனிக்கிழமை தவறாமல் போகிறீர்கள், ஆகவே அது தொழில். பொழுதுபோக்கு என்று காட்டினால் 2018-லிருந்து சரக்கு வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, நஷ்டம் உங்களுக்கே. ஸ்ட்ரோலர், கட்டில் மாதிரி வாங்கிய விலைக்குக் குறைவாக விற்ற சொந்தச் சாமானுக்கு வரி கிடையாது. ஆனால் 1099-கேயில் அந்தத் தொகையும் ஐஆர்எஸ்ஸுக்கு (ஃபெடரல் வரித் துறைக்கு) போயிருக்கிறது. அதைக் கழித்துக் காட்ட ரிட்டர்னோடு சேரும் ஷெட்யூல் 1 படிவத்தின் உச்சியிலேயே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, லெகோ. வாங்கிய விலைக்கு மேலே ஏதாவது போனதா? போயிருந்தால் அந்த லாபம் மட்டும் 8949, ஷெட்யூல் டி என்ற சொத்து விற்பனைப் படிவங்களில். ஸ்ட்ரோலரில் விட்ட நஷ்டத்தை லெகோ லாபத்தோடு நேர் செய்ய முடியாது. அநியாயம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான்.

இனி சாஃப்ட்வேர். ஷெட்யூல் சி-க்கு டெஸ்க்டாப் டீலக்ஸே போதும், படிவம் அதற்குள்ளேயே இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் கேள்விகள்தான் கொஞ்சம் குறைவு. தம்பிக்கு ஒரு பழங்கதை: 2014 வருஷத்துக்கான டர்போடாக்ஸ் டீலக்ஸிலிருந்து ஷெட்யூல் சி, டி, ஈ மூன்றையும் எடுத்துவிட்டு, வேண்டுமானால் மேல் பதிப்பு வாங்குங்கள் என்றார்கள். 2015 ஜனவரியில் பெரிய ரகளை. மன்னிப்புக் கேட்டு 25 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள், அடுத்த வருஷம் படிவங்களும் திரும்பி வந்தன. பெட்டியின் பெயரைப் பார்க்காமல், உள்ளே என்ன படிவம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான். ஆன்லைன் டீலக்ஸும் டெஸ்க்டாப் டீலக்ஸும் பெயரில்தான் ஒன்று. ஆன்லைனில் தொழில் செலவு காட்ட பிரீமியத்துக்குத் தாவ வேண்டும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் விலையைத் தீர்மானிப்பது ஷெட்யூல் சி இல்லை, அவருடைய மன்ஹாட்டன் வேலை. டெஸ்க்டாப் பெட்டியில் ஒரு மாநிலம்தான் சேர்ந்து வரும். நியூயார்க்குக்கு ஐடி-203 (வெளி மாநிலத்தவருக்கானது), நியூ ஜெர்சிக்கு என்ஜே-1040 என்று உங்களுக்கு இரண்டு ரிட்டர்ன் வேண்டும். இரண்டாவதுக்குத் தனியாக அழ வேண்டும். ஃபெடரல் இ-ஃபைல் (இணையத்தில் அனுப்புவது) ஐந்து வரை இலவசம், மாநில இ-ஃபைலுக்குக் காசு. நியூயார்க்கில் மட்டும் இ-ஃபைலுக்குத் தனிக் கட்டணம் வாங்கச் சட்டம் விடாது. பெட்டிக்கு 30 டாலர் தள்ளுபடி என்று குதித்தால், இந்தப் பக்கம் 60 போய்விடும்.

கேஷ் ஆப் டாக்சஸ் என்ற ஆன்லைன் புரோகிராம் முழு இலவசம், ஆனால் ஒரு மாநிலத்துக்கு மேல் போகாது. ஐஆர்எஸ் ஃப்ரீ ஃபைல் என்ற இலவசத் திட்டத்துக்கு 2025 வருமானம் 89,000 டாலருக்குள் இருக்க வேண்டும். இரண்டு சம்பள வீடு, தாண்டியிருப்பீர்கள். ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ என்ற இன்னொரு ஆன்லைன் புரோகிராமில் ஷெட்யூல் சி உட்பட ஃபெடரல் இலவசம், மாநிலத்துக்கு 16 டாலர் அளவில். இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து 32. தள்ளுபடி கூப்பன் எதுவும் இல்லாமலே.

ஒரு சந்தேகம். 365 லாபம் என்று எப்படி வந்தீர்கள்? சனிக்கிழமை பெட்ரோலைக் கணக்கில் காணோமே.

எடிசன் மீனா:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதினதற்கு நன்றி. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். (யார்ட் சேலில் யார் ரசீது தருகிறார்கள்? அன்றன்றைக்கே தேதி, ஊர், விலை எழுதி வைப்பேன். மேஜையில் கேமரா இருக்கும்போதே போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்வேன்.)

வரவு 1,540. அதில் இரண்டு பேருக்குத் திருப்பிக் கொடுத்தது 74. கேமரா வாங்கிய செலவு 540, தளத்தின் கட்டணம் 208, தபால் 265, அட்டைப்பெட்டி, பபிள் ராப் 88. மிச்சம் 365. பெட்ரோலை நான் யோசிக்கவே இல்லை.

லெகோவில் ஒன்றே ஒன்று 50-க்கு வாங்கி 140-க்குப் போனது. இப்போது அந்தப் பெட்டி கடையில் கிடைப்பதில்லையாம்.

பழைய கணக்குப்பிள்ளை:

540 என்பது விற்ற 29 கேமராவுக்கா, வாங்கின எல்லாவற்றுக்குமா?

எடிசன் மீனா:

எல்லாவற்றுக்கும். மொத்தம் 40 வாங்கினேன். 11 இன்னும் துணி அலமாரியில் என் புடவைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

பழைய கணக்குப்பிள்ளை:

நினைத்தேன். அலமாரியில் இருப்பது சரக்கு, அதன் விலையை விற்கும் வருஷத்தில்தான் கழிக்க வேண்டும். ஒவ்வொன்றின் விலையும் நோட்டில் இருக்கும், அதைக் கூட்டிப் போடுங்கள். இப்போதைக்குச் சராசரி எடுத்தால் 29-க்கு 391.50. அப்படியானால் லாபம் 365 இல்லை, 513.50.

இங்கேதான் சுயதொழில் வரி எட்டிப் பார்க்கிறது. லாபத்தில் 92.35 சதவீதம் எடுத்து, அது 400 டாலரைத் தொட்டால் 15.3 சதவீதம். உங்களுக்கு 474 வருகிறது, ஆக 72 டாலர் சொச்சம். சம்பளத்தில் பிடிக்கிற சோஷியல் செக்யூரிட்டியின் இன்னொரு முகம் இது. வருமான வரி இதற்கு மேல் தனி.

பயப்படாமல் மைல் கணக்கைக் கொடுங்கள். 2025-க்கு மைலுக்கு 70 சென்ட்.

எடிசன் மீனா:

நோட்டில் ஊர் இருப்பதால் மேப்பில் போட்டுப் பார்த்தேன். மெட்டச்சன், வெஸ்ட்ஃபீல்ட், ஒரு தடவை பிரின்ஸ்டன் வரை, அப்புறம் தபால் ஆபீஸ் நடைகள். கூட்டினால் 210 மைல். மளிகைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்ததை எல்லாம் சேர்க்கவில்லை.

பழைய கணக்குப்பிள்ளை:

சேர்க்காதது சரி. 210-க்கு 147 டாலர். லாபம் 366.50-க்கு இறங்கிவிட்டது. அதில் 92.35 சதவீதம் 338, அதாவது 400-க்குக் கீழே. சுயதொழில் வரி இல்லை. சுற்றிச் சுற்றி நீங்கள் சொன்ன தொகைக்கே கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஆனால் இப்போது யாராவது கேட்டால் பதில் இருக்கிறது.

1099-கேயைப் பிரிக்கும்போது: கேமரா 1,540 ஷெட்யூல் சி. நஷ்டத்தில் விற்ற சாமான் 1,010 ஷெட்யூல் 1. லெகோ 140, 8949-ல். கூட்டினால் 2,690 வரவேண்டும், வராவிட்டால் மேலே போகாதீர்கள். லெகோவுக்கும் தளம் பிடித்த கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

தபால்காரன் மகன்:

நடுவில் ஒரு வார்த்தை. டெஸ்க்டாப் வாங்குவதாக இருந்தால் ஏலத் தளத்தில் 'டவுன்லோட் கோட் மட்டும்' என்று மலிவாக விற்பவர்களிடம் போகாதீர்கள். மூன்று வருஷம் முன்பு 18 டாலருக்கு ஒன்று வாங்கினேன். ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று என்று வந்தது, விற்றவரைக் காணோம். அப்புறம் இன்னொன்று, டர்போடாக்ஸ் 2025 டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் 11 வேண்டும், 10-ல் ஏறாது. வாங்குவதற்கு முன்னால் லாப்டாப்பைப் பாருங்கள்.

டல்லஸ் தம்பி:

இது எனக்கே தெரியாது. என்னுடையது விண்டோஸ் 10. நவம்பரில் வாங்கிய பெட்டி பிரிக்காமல் மேஜையில் இருக்கிறது.

எடிசன் மீனா:

என்னுடையதும் விண்டோஸ் 10தான்! கார்ட்டைக் காலி செய்துவிட்டேன்.

நேற்று ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ-வில் உட்கார்ந்தேன். அலங்காரம் ஒன்றும் கிடையாது, அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கிறது. ஷெட்யூல் சி-க்கு அரை மணி நேரம் ஆனது. வருஷக் கடைசிச் சரக்கு எவ்வளவு என்று கேட்ட இடத்தில் 148.50 போட்டேன். மாநிலத்துக்கு வந்ததும் குழம்பிவிட்டேன். எதை முதலில் செய்வது?

பழைய கணக்குப்பிள்ளை:

நியூயார்க் முதலில். அங்கே கட்டும் வரி தெரிந்தால்தான் நியூ ஜெர்சியில் அதற்கான கிரெடிட் (வரிக் கழிவு) சரியாக வரும். மாற்றிச் செய்தால் என்ஜே பக்கம் உங்களைப் பெரிய கடனாளியாகக் காட்டிப் பயமுறுத்தும். கேமரா லாபம் நியூ ஜெர்சியில் என்ஜே-பஸ்-1 என்ற தொழில் வருமானத் தாளில் வந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. அமெரிக்காவுக்கு வெளியே, நம் ஊரில் உங்கள் பெயரில் பாங்க் கணக்கு இருந்து, எல்லாக் கணக்கும் சேர்ந்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தனி. அது ஐஆர்எஸ் ரிட்டர்னோடு போகாது, ஃபின்சென் என்ற அரசு அமைப்பின் தளத்தில் இலவசமாகப் போட வேண்டும். எந்த சாஃப்ட்வேரின் தள்ளுபடியும் அதற்கு உதவாது.

எடிசன் மீனா:

போட்டாயிற்று. ஃபெடரலும் நியூயார்க்கும் ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்துவிட்டது, நியூ ஜெர்சி இன்னும் வரவில்லை. மொத்தச் செலவு 32 டாலர் சில்லறை. கார்டில் கட்டினேன், ரீஃபண்டில் பிடிக்கச் சொல்லவில்லை. மூன்று பிடிஎஃப்பும் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று.

தம்பி, அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். ஐயா, நாளை சனிக்கிழமை, கிளம்புவதற்கு முன் காரின் மைல் மீட்டரைப் படம் எடுத்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் போகப் போகிறேன். உங்களுக்குப் பழைய யாஷிகா ஒன்று வேண்டுமானால் சொல்லுங்கள், லைட் மீட்டர் வேலை செய்யாது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

பழைய கணக்குப்பிள்ளை:

அனுப்புங்கள். ஆனால் சும்மா தரக் கூடாது, விலை போட்டு 2026 கணக்கில் எழுதுங்கள்.