மெஷின் கிடைச்சிடுது, ஸ்ட்ரிப்புக்குத்தான் பாடு

விழுப்புரம் பக்கம், மகளுக்கு டைப் 1

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆகணும். டிஸ்சார்ஜ் பண்ணும்போதே டாக்டர் சொல்லிட்டார்: மூணு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னாடி சுகர் பாக்கணும், படுக்கும்போது ஒரு தடவை பாக்கணும், ராத்திரியில சந்தேகம் வந்தா அப்பவும் பாக்கணும். இன்சுலின் ஜி.எச்.ல இலவசமா தர்றாங்க. அது இல்லன்னா எங்க நிலைமையை நினைச்சே பாக்க முடியாது. சுகர் பாக்குற மெஷினும் (குளுக்கோமீட்டர்) சொந்தக்காரர் ஒருத்தர் வாங்கிக் கொடுத்துட்டார். ஆனா ஒவ்வொரு தடவையும் விரல்ல குத்தி ரத்தத்தைத் தொட்டு வைக்கிற ஸ்ட்ரிப்? ஒண்ணு இருபது ரூபாய்னு வச்சாலே, நாளைக்கு நாலு வீதம் மாசம் 2,400 ரூபாய் ஆகுது. வீட்டுக்காரர் கொத்தனார். ஐப்பசி, கார்த்திகையில மழை பிடிச்சா வேலையே இருக்காது.

அந்த மாசங்கள்ல ராத்திரி ஸ்ட்ரிப் எடுக்க மாட்டோம். தூங்குற பிள்ளையோட பின்கழுத்துல கை வச்சுப் பாப்பேன். சில்லுனு வேர்த்திருந்தா சுகர் ரொம்பக் குறைஞ்சு லோ ஆகுதுன்னு எழுப்பி சர்க்கரைத் தண்ணி கொடுப்பேன். நிஜமாவே லோவா, புழுக்கத்துல வேர்த்ததான்னு தெரியாது. ஹையா இருந்து நான் சர்க்கரைத் தண்ணி கொடுத்திருந்தா? இன்சுலின் போடுற பிள்ளைக்கு ஸ்ட்ரிப்பும் மருந்துதாங்க. ஊசியை இலவசமா கொடுத்துட்டு, எத்தனை யூனிட் போடுறதுன்னு பாக்குற வழியை மட்டும் கடையில வாங்கிக்கச் சொல்றது எந்த நியாயத்துல சேர்த்தி?

புதுசா மெஷின் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மெஷின் விலையைப் பாக்காதீங்க, ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்க. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷின்ல வேலை செய்யாது. மெஷின் சும்மாவே வந்தாலும் அந்த ஸ்ட்ரிப்பைத்தான் காலம் பூரா வாங்கியாகணும். அட்டைப்பெட்டியில ஐ.எஸ்.ஓ. 15197 (சுகர் மெஷினுக்கான சர்வதேசத் தரம்) போட்டிருக்கான்னும் பாருங்க. யாராவது உதவி பண்றேன்னு வந்தா, மெஷின் வேண்டாம், அந்தக் காசுக்கு ஸ்ட்ரிப் டப்பாவா வாங்கித் தாங்கன்னு கூச்சப்படாம கேளுங்க.

பள்ளிக்கூடத்துலயும் ஒரு போராட்டம். மெஷினை ஆபீஸ் ரூம்ல வச்சுக்கிட்டாங்க. லோ ஆகி கால் நடுங்குற பிள்ளை மாடிப்படி இறங்கி அங்க போய்த்தான் பாக்கணும். தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச்ல எல்லா மாநிலத்துக்கும் எழுதியிருக்கு: டைப் 1 பிள்ளைங்க வகுப்பிலேயே சுகர் பாக்கலாம், ஊசி போட்டுக்கலாம், பரீட்சை ஹாலுக்கும் மெஷின், ஸ்ட்ரிப் கொண்டு போகலாம், சுகரைத் தொடர்ந்து பாக்குற சென்சார் உடம்புல ஒட்டியிருந்தா கழட்டச் சொல்லக் கூடாது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். இப்ப மெஷின் அவ பையிலதான் இருக்கு.

தஞ்சாவூர், டைப் 2, ஓய்வுபெற்றவர்

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். கையில் ஒட்டும் சென்சார் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணம் அனுப்பினாள். மேல்கையின் பின்புறம் ஒட்டினால் பதினான்கு நாள் வேலை செய்யும். ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, சென்சார் அருகே போனைக் காட்டி எண்ணைப் படிக்கத் தேவையான என்.எஃப்.சி. வசதியே என் போனில் இல்லை, பேரன் போன் வந்து சேரும்வரை ஒரு எண்ணும் பார்க்க முடியவில்லை. விலை கொடுத்து வாங்கும் முன் போனைச் சரிபாருங்கள்.

இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பயன், காலை இட்லிக்குப் பிறகு சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கோடாகவே பார்த்ததுதான். டாக்டரும் அதைப் பார்த்து மருந்தை மாற்றினார். ஒட்டிய கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் பொய்யாக லோ காட்டும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டு சென்சார் வாங்க எனக்குக் கட்டாது. டாக்டரிடம் போவதற்கு முன் எப்போதாவது ஒன்று, அவ்வளவுதான்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வரும் அம்மா சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். மாத்திரை மட்டும் சாப்பிடும் அவளுக்கு அது பெரிய உதவி. ஆனால் மேலே எழுதிய தங்கச்சியின் பிள்ளைக்கு அது எப்படிப் போதும்?

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பாலக்காடு, அண்ணன் மகனுக்கு டைப் 1

நாங்க இங்க செட்டிலான தமிழ்க் குடும்பம். கேரளாவுல 'மிட்டாயி'ன்னு ஒரு அரசுத் திட்டம் இருக்கு, பதினெட்டு வயசுக்குள்ள இருக்குற டைப் 1 பிள்ளைங்களுக்கு. வருமான வரம்பு உண்டு. இன்சுலின் பேனா, ஸ்ட்ரிப், சென்சார் வரைக்கும் அதுல வருது. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள, அறுபது வயசோ அதுக்கு மேலயோ ஆன சர்க்கரை நோயாளிகளுக்கு 'வயோமதுரம்'னு குளுக்கோமீட்டர் இலவசம். பார்டர் தாண்டி இந்தப் பக்கம் கிடைக்கிறது அந்தப் பக்கமும் கிடைக்கணும். நீங்க கேளுங்கக்கா.

விழுப்புரம் பக்கம், மகளுக்கு டைப் 1

தம்பி, அந்த மிட்டாயி திட்டத்தோட அரசாணையோ விண்ணப்பப் படிவமோ கிடைச்சா அனுப்புங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுக்கப் போறோம், இன்சுலின் வாங்குற இடத்துலயே ஸ்ட்ரிப்பும் வேணும்னு. எங்க ஜி.எச்.ல ஊசிக்கு வர்ற மத்த அம்மாக்களும் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. தமிழ்நாட்டுல எந்த ஜி.எச்.லயாவது வீட்டுக்கு ஸ்ட்ரிப் கொடுத்திருந்தா ஆஸ்பத்திரி பேரோட சொல்லுங்க, மனுவுல சேர்த்துக்கிறேன்.