ஜூலை 4 வாணவேடிக்கை: ஒப்பந்தமும் மதிப்பீடும் எப்படி?

ஏரிக்கரை:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரின் பூங்காக் குழுவுக்காகக் கேட்கிறேன். ஏரியை ஒட்டிய பூங்காவில் சுதந்திர தினமான ஜூலை 4 இரவு வாணவேடிக்கை நடக்கிறது. 15,000 பேர் வரை வருவார்கள். அடுத்த ஆண்டுக்கு நகர மன்றம் புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றையும் கேட்டிருக்கிறது.

இதுவரை ஒரு தொகையைச் சொல்லி, "20 நிமிடம் நடத்துங்கள்" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். மதிப்பீடு என்றால் எத்தனை பேர் வந்தார்கள், மக்கள் என்ன சொன்னார்கள் என்பதோடு சரி. ஒப்பந்தக் கோரிக்கையில் எதையெல்லாம் எழுத வேண்டும்? நிறுவனங்கள் தரும் திட்டங்களை எதை வைத்து ஒப்பிடுவது? பிறகு எதை அளந்தால் அந்த அறிக்கை அடுத்த ஆண்டுக்குப் பயன்படும்? ஏரிக்கு நடுவே மிதவையிலிருந்து விடலாம் என்றும், ட்ரோனுக்கு மாறலாம் என்றும் இரண்டு யோசனைகள் வேறு வந்திருக்கின்றன.

கருமருந்து:

பணத்திலிருந்து தொடங்காதீர்கள், நிலத்திலிருந்து தொடங்குங்கள். பூங்காவின் வரைபடத்தை எடுத்து, வாணக் குண்டுகளை மேலே ஏவும் குழாய்களை நிறுத்தப்போகும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். பெரும்பாலான ஊர்களில் ஃபயர் மார்ஷல் (தீப்பாதுகாப்பு அதிகாரி) பின்பற்றுவது, தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.-வின் 1123 விதிநூல். அதன் அடிப்படைக் கணக்கு, குண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 70 அடி. 3 அங்குலக் குண்டுக்கு 210 அடி, 6 அங்குலத்துக்கு 420 அடி, 8 அங்குலத்துக்கு 560 அடி ஆரத்துக்குள் பார்வையாளர் யாரும் இருக்கக் கூடாது. மருத்துவமனையோ சிறையோ அருகில் இருந்தால் இந்தத் தூரம் இரட்டிப்பாகும். வட்டத்துக்குள் 350 அடிதான் கிடைக்கிறது என்றால் உங்கள் உச்ச அளவு 5 அங்குலம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதற்கு மேல் போக முடியாது. இதைக் கோரிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால், நடைமுறைக்கு ஒவ்வாத திட்டங்கள் வந்து சேராது.

அடுத்து, தொகையை நீங்களே நிர்ணயித்து அறிவியுங்கள். போட்டி விலையில் இருக்க வேண்டாம், அதே தொகைக்கு யார் என்ன தருகிறார்கள் என்பதில் இருக்கட்டும். "மொத்தம் இத்தனை ஆயிரம் வெடிப்புகள்" என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். நூறு சிறு வாணங்களை ஒரே பெட்டிக்குள் அடக்கி வரும் 'கேக்' ஒன்றை நூறாக எண்ணிக் காட்டலாம். இறுதிக்கட்டத்தில் 3 அங்குலக் குண்டுகளை வரிசையாகத் திரி கோத்து விட்டாலும் எண்ணிக்கை ஏறிவிடும். எனவே தொடக்கம், நடுப்பகுதி, இறுதி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த அளவுக் குண்டு எத்தனை என்று அட்டவணை கேளுங்கள். கேக் வகையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 20 நிமிடத்தை இழுத்து நிரப்புவதைவிட 15 நிமிடம் அடர்த்தியாக நடத்துவது நல்லது. மெலிந்த நடுப்பகுதியில்தான் கூட்டம் எழுந்து காருக்கு நடக்கத் தொடங்குகிறது.

குழாய்களை வரிசையாகத் தாங்கும் சட்டங்களைப் (ரேக்) பற்றி விரிவாகக் கேளுங்கள், ஏனென்றால் பெரிய விபத்துகள் அங்கேதான் பிறக்கின்றன. ஒரு குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்தால் அதன் அதிர்ச்சி அடுத்த குழாய்களைச் சாய்த்துவிடும். சாய்ந்த பிறகும் கோத்த திரி எரிந்துகொண்டே போவதால் மீதிக் குண்டுகள் கிடைமட்டமாகப் பாயும். 2013 ஜூலை 4 அன்று கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் குண்டுகள் கூட்டத்துக்குள் பாய்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தது இப்படிக் குழாய்கள் சாய்ந்ததால்தான். சட்டங்களை ஒன்றோடொன்று கட்டையால் பிணைத்து, பக்கவாட்டில் முட்டுக் கொடுத்து, நீளவாக்கு கூட்டத்தைப் பார்க்காதபடி வைக்க வேண்டும். குழாய் ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் அல்லது ஃபைபர்கிளாஸாக இருக்கட்டும். இரும்புக் குழாய் உடைந்தால் சில்லுகள் பறக்கும்.

மின்முறையில் பற்றவைத்தால் ஆட்கள் குழாய்களை விட்டு விலகி நிற்கலாம், அது பெரிய நன்மை. ஆனால் கணினிக் கோப்பையும் சோதிக்க வேண்டும். 2012-இல் சான் டியேகோ துறைமுகத்தில் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நடக்கவேண்டிய காட்சி முழுவதும் அரை நிமிடத்துக்குள் வெடித்துத் தீர்ந்தது. மூலக் கட்டளை வரிசையும் மாற்று வரிசையும் ஒன்று சேர்ந்து ஒரு பிழைக் கோப்பை உருவாக்கிவிட்டதாக நடத்திய நிறுவனம் விளக்கியது. களத்தில் ஏற்றப்போகும் அதே கோப்பை, குண்டுகளை இணைக்காமல் முழுநேரம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் நகரத்தின் பெயரும் பூங்கா உரிமையாளரின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். வெடிபொருளுக்கான மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். தரும் உரிமம், மாநில உரிமம், குண்டுகளை ஏற்றி வரும் ஓட்டுநரின் உரிமம் எல்லாவற்றின் நகலும் பர்மிட் விண்ணப்பத்தோடு வரட்டும்.

மிதவை யோசனை தூரக் கணக்குக்கு நல்லதுதான். ஆனால் படகுகளை அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைப்பது தனி வேலை. கப்பல் போக்குவரத்துள்ள நீர்நிலை என்றால் கடலோரக் காவல்படையின் அனுமதி வேண்டும், மற்ற ஏரிகளில் உள்ளூர் ரோந்துப் படகுகள் வேண்டும். மிதவையில் தீப்பிடித்தால் ஆட்கள் ஒதுங்க இடமும் மீட்புப் படகும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பொன்னி_தாமரை:

கருமருந்து ஐயா வானத்தைப் பார்த்துக்கொண்டார், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன். 15,000 பேர் நாலு மணி நேரத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்வார்கள். திரும்புவது எல்லோரும் ஒரே நிமிடத்தில். ஆகவே திட்டம் வெளியேறும் பாதையை வைத்துத்தான் அமைய வேண்டும்.

சமதளத்தில் ஒரு மீட்டர் அகலப் பாதையில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்பது விளையாட்டரங்குகளுக்குப் பயன்படும் பிரிட்டிஷ் வழிகாட்டி நூலின் கணக்கு. 12 மீட்டர் மொத்த அகலம் இருந்தால் 15,000 பேர் போக 15 நிமிடம் ஆகும். இது ஏட்டுக் கணக்கு. மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டி, தள்ளுவண்டி, தோளில் தூங்கும் குழந்தை என்று வரும் ஜூலை 4 கூட்டத்துக்கு நான் பாதி வேகமே வைப்பேன். ஒரே ஒரு 3 மீட்டர் படிக்கட்டுப் பக்கம் 5,000 பேர் திரும்பினால் ஏட்டுக் கணக்கிலேயே 25 நிமிடம்.

2001 ஜூலை 21 அன்று ஜப்பானின் அகாஷி நகரில் வாணவேடிக்கை முடிந்த நேரத்தில், ரயில் நிலையத்தையும் கடற்கரையையும் இணைக்கும் நடைமேம்பாலத்தில் 11 பேர் நசுங்கி இறந்தார்கள், அதில் 9 பேர் குழந்தைகள். காயமடைந்தவர்கள் 247 பேர். பாலத்தைவிட அதிலிருந்து இறங்கும் படி குறுகலாக இருந்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் எதிரெதிரே முட்டிக்கொண்டார்கள். நகராட்சி அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். உங்கள் வரைபடத்தில் பாலம், சுரங்கப்பாதை, வாயில் என எது குறுகினாலும் அங்கே ஒருவழிப் பாதை வையுங்கள், நின்று வேடிக்கை பார்க்க விடாதீர்கள். உணவு வண்டிகளையும் அதன் வாயில் நிறுத்தக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு ஒரு தடம் காலியாகவே இருக்க வேண்டும், கடைசிப் பத்து நிமிடத்திலும்.

ஏரிக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. மழை வந்தால் 5-ஆம் தேதிக்குத் தள்ளலாம் என்று ஒரு வரி மட்டும் பழைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது போதுமா?

கருமருந்து:

போதாது. ஜூலை 5 அன்று அதே ஆட்கள் கிடைப்பார்களா என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். குழாயில் குண்டுகளை இறக்கிய பிறகு தள்ளிவைத்தால் என்ன கட்டணம் என்பதையும் சேருங்கள். குழாய் வாயை மூடிவிட்டால் சாதாரண மழை பெரிய தடை இல்லை. நிறுத்த வைப்பவை மின்னலும் காற்றும். பல ஊர்களில் மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று நிலைத்தால் நிறுத்தம் என்று வரம்பு வைக்கிறார்கள். அதைத் தரையில் மட்டும் அளக்காமல் உயரத்துக் காற்றையும் வானிலை அறிக்கையில் பாருங்கள். 6 அங்குலக் குண்டு ஏறத்தாழ 600 அடியில் விரியும். மேகம் அதற்குக் கீழே இறங்கியிருந்தால் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். காற்றே இல்லாத இரவும் கெடுதல்தான், ஐந்தாவது நிமிடத்திலேயே புகை திரையாகத் தொங்கிவிடும்.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஃபயர் மார்ஷலுக்கும் வெடிப்புப் பொறுப்பாளருக்கும் தனித்தனியாக இருக்கட்டும். மேடையில் பேச்சு நீள்கிறது என்பதற்காக யாரும் அவர்களிடம் பேரம் பேசக் கூடாது.

வடகரை_கே:

மதிப்பீட்டுக் கேள்விக்கு வருகிறேன். நிகழ்ச்சிக்கு முன்பே அளவுகோலை எழுதி மன்றத்தில் வைத்துவிடுங்கள். பிறகு எழுதினால், நன்றாக நடந்ததை மட்டுமே அளப்போம்.

வருகையை மேடையிலிருந்து கண்ணால் மதிப்பிடாதீர்கள். காட்சி தொடங்கும் நேரத்தில் உயரத்திலிருந்து படம் எடுத்து, கட்டம் போட்டு, கட்டத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வாயிலும் காலியாக எத்தனை நிமிடம் ஆனது, முதலுதவிக்கு வந்தவர்கள் எந்தக் காரணத்துக்கு வந்தார்கள், புகார் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று பதிவு செய்யுங்கள். செலவில் காவல், தீயணைப்பு, துப்புரவுப் பணியாளர்களின் கூடுதல் நேர ஊதியத்தையும் சேருங்கள். வெடிக்கான தொகையை மட்டும் காட்டும் அறிக்கை பாதி அறிக்கை.

காற்றையும் நீரையும் விடாதீர்கள். அமெரிக்கா முழுவதும் 315 நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், ஜூலை 4 இரவை உள்ளடக்கிய 24 மணி நேரத்தில் பி.எம். 2.5 நுண்துகள் சராசரியாக 42 சதவீதம் உயர்ந்திருந்தது. வெடித்த இடத்தை ஒட்டிய ஒரு நிலையத்தில் உயர்வு 370 சதவீதம். காற்று போகும் திசையில் ஒரு கருவி, எதிர்த்திசையில் ஒன்று, முந்தைய நாளே தொடங்கி அளந்தால் உங்கள் ஊரின் எண் கிடைக்கும். ஓக்லஹோமாவில் ஏடா நகரத்து ஏரியில் நடந்த ஆய்வில், வெடித்து 14 மணி நேரத்துக்குள் நீரில் பெர்குளோரேட் என்ற வாண மருந்து வேதிப்பொருள் வழக்கமான அளவைவிட 24 முதல் 1,028 மடங்கு வரை ஏறியது. பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள் ஆனது. உங்கள் ஏரி குடிநீர் ஆதாரமா என்பதை வைத்துத்தான் மிதவை யோசனையை முடிவு செய்ய வேண்டும்.

ட்ரோனில் இந்தப் புகை இல்லை. 2023-இல் சால்ட் லேக் சிட்டி காற்றுத்தரத்தையும் காட்டுத்தீ அபாயத்தையும் கருதி ட்ரோனுக்கு மாறியது. ஆனால் அதற்கும் காற்று வரம்பு உண்டு, மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் அனுமதி வேண்டும், பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு உருவம் தெரியாது. ஊர் முழுக்கக் கூரை மேலிருந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் அந்த மக்களிடமும் கேளுங்கள்.

வெடிக்காத குண்டுகளை அன்றிரவே தேட வேண்டும், மறுநாள் முதல் வெளிச்சத்தில் இன்னொரு முறையும் தேட வேண்டும். பூங்காவை அதுவரை திறக்கக் கூடாது. அதிகாலையில் நாயோடு நடக்க வருபவர்தான் முதலில் பார்ப்பார். கிடைத்த ஒவ்வொன்றின் அளவையும் விழுந்த இடத்தையும் வரைபடத்தில் குறியுங்கள், எடுப்பது ஒப்பந்ததாரரின் ஆள் மட்டுமே. குறிகள் வட்டத்தின் விளிம்பில் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால், அடுத்த ஆண்டு குழாய்களின் சாய்வையோ குண்டின் அளவையோ மாற்றச் சொல்ல அந்த வரைபடம் ஒன்றே போதும்.