டிரைபாடில் வைத்து எடுத்தும் கைக்கடிகாரப் படம் மங்கலாக வருவது ஏன்?

கேள்வி
24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர், 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி எடுப்பதற்கானது), டிரைபாட். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/22 (எண் கூடினால் துளை சிறிது, ஃபோகஸ் ஆழம் அதிகம்), அரை விநாடி. வார் வரைக்கும் ஃபோகஸில் இருக்கட்டும் என்றுதான் எஃப்/22 வைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் முகப்பு எண்களே கூர்மையாக இல்லை. லென்ஸ் கோளாறா?

பதில் 1
லென்ஸ் பாவம், விட்டுவிடுங்கள். எஃப்/22-இல் டிஃப்ராக்ஷனால் (சிறிய துளை வழியே போகும் ஒளி விரிவதால்) ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் சுமார் 30 மைக்ரான் வட்டமாக விரிகிறது. உங்கள் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே 4 மைக்ரான்தான். நெருங்க நெருங்க இன்னும் மோசம்: 1:1 அளவில் (பொருளின் நிஜ அளவிலேயே சென்சாரில் பதிவாகும்போது) எஃப்/11 வைத்தாலே எஃப்/22 போலத்தான் நடந்துகொள்ளும். எஃப்/8-ஐவிடப் பெரிய எண்ணுக்குப் போக வேண்டாம். ஷார்ப்பனிங் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்.

பதில் 2
சரிதான், ஆனால் எஃப்/8-க்கு வந்தால் அரை விநாடி 1/15 ஆகிவிடும். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி எழும்பும் அதிர்வு அதிகம் கெடுப்பது அந்த வேகத்தில்தான். மிரர் லாக்-அப் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி) போடுங்கள், அல்லது லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) எடுங்கள். 2 விநாடி டைமர் இந்த லென்ஸுக்குப் பற்றாது, 10 வையுங்கள். லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதியை) அணையுங்கள். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். வேகம் போதவில்லை என்று ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியதில்லை, அசையாத பொருளுக்கு 2 விநாடி ஆனாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் தரையில் நடக்காமல் இருந்தால் சரி.

எது காரணம் என்று படத்திலேயே தெரியும். சின்ன மினுக்கல்கள் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் அதிர்வு. படம் முழுக்க ஒரே மாதிரி மென்மை என்றால் டிஃப்ராக்ஷன். முகப்பு மங்கி வார் மட்டும் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பு.

கேள்வி கேட்டவர்
எஃப்/8, லைவ் வியூ, 10 விநாடி டைமர். எண்கள் பளிச்சென்று வந்துவிட்டன. இப்போது வார் மங்கல்.

பதில் 3
மங்கத்தான் செய்யும். பொருளின் மூன்றில் ஒரு பங்கு அளவில் சென்சாரில் பதிவாகும்போது எஃப்/8-இல் கூர்மையாக வரும் ஆழம் 4 மி.மீ. தான். ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யுங்கள், அதாவது ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக இணையுங்கள். லென்ஸை எம்எஃப்-க்கு (மேனுவல் ஃபோகஸுக்கு) மாற்றி, லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, முன்னால் இருக்கும் விளிம்பில் தொடங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 3 மி.மீ. அளவுக்குத்தான் ஃபோகஸ் பின்னால் நகரணும். அதிகம் நகர்ந்தால் நடுவில் மங்கல் பட்டை விழும். 30 மி.மீ. ஆழத்துக்குப் பத்துப் படம் போதும். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் மேனுவலில் இருக்கட்டும். விநாடி முள்ளை நிறுத்த கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இணைத்த படத்தில் பத்து முள் இருக்கும்!