லோடு ஏற்றினால் ஹேண்டில் உதறுகிறது, ஃபிரேமை மாற்றணுமா? (அவசரம்)

வடசேரிக்காரன் | திங்கள், இரவு 11.20
வணக்கம். ஸ்டீல் டூரிங் சைக்கிள், செகண்ட் ஹேண்டாக வாங்கி ஒரு மாதம் ஆகிறது. சும்மா ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. லோடு ஏற்றி வேகம் பிடித்தால் ஹேண்டில் இடதும் வலதுமாக உதறுகிறது. நேற்று ஆரல்வாய்மொழி தாண்டியதும் உயிர் போய்த் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை காலை நாகர்கோவிலிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பவேண்டும், ஆபீஸில் லீவு சொல்லியாகிவிட்டது. ஃபிரேமை மட்டும் மாற்றலாமா, இல்லை வேறு சைக்கிளே வாங்கிவிடலாமா? எந்த ஸ்டீல் டூரிங் நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள்.

திண்டுக்கல்பூட்டு | திங்கள், இரவு 11.41
எத்தனை கிலோ? முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? எந்த வேகத்தில் உதறியது? கை வைத்திருந்தீர்களா, விட்டிருந்தீர்களா? உங்கள் உயரம், ஃபிரேம் அளவு, டயர் அளவு? எந்தக் கம்பெனி? ஒரு படமாவது போடுங்கள்.

எதிர்காற்று | செவ்வாய், காலை 5.50
ஆரல்வாய்மொழி என்று சொன்ன பிறகு வேறென்ன கேள்வி? காற்றுதான். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? கேரியரின் இரு பக்கமும் தொங்குகிற பேனியர் பை இரண்டும் பாய்மரம் மாதிரி பக்கக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆடி முடியட்டும், அப்புறம் போங்கள்.

க்ரோமோலி | செவ்வாய், காலை 7.15
வருடத்துக்கு நாலு முறை இதே கேள்வி. தேடிப் பார்த்தால் கிடைக்கும், ஆனால் தேடுவதற்கு யாருக்கும் நேரம் இல்லை, எங்களுக்குத்தான் எழுத நேரம் இருக்கிறது. சரி. 'ஸ்டீல்' என்று விற்கிற எல்லாமே டூரிங் ஃபிரேம் ஆகிவிடாது. உங்களுடையது ஹை-டென், அதாவது மலிவான சாதா இரும்பாக இருக்கும். அது வளையும், அதனால் ஆடும். 4130 க்ரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இரும்பு) வாங்குங்கள். சர்லி லாங் ஹால் டிரக்கர். முடிந்தது.

மூன்றாம்கியர் | செவ்வாய், காலை 8.02
க்ரோமோலி அண்ணா, இரண்டு திருத்தம். ரிம் பிரேக் வைத்த லாங் ஹால் டிரக்கரை நிறுத்திவிட்டார்கள், இப்போது வருவது டிஸ்க் டிரக்கர். அடுத்தது, ஹை-டென் ஆனாலும் க்ரோமோலி ஆனாலும் இரும்பின் விறைப்பு ஒன்றுதான், இரண்டுமே சுமார் 200 கிகாபாஸ்கல். க்ரோமோலிக்கு வலிமைதான் அதிகம். அதனால் குழாயை மெல்லியதாக இழுக்கலாம், எடை குறையும். வளைவதும் முறுக்குவதும் பெரும்பாலும் குழாயின் விட்டத்தைப் பொறுத்தது. குழாய் கொஞ்சம் பருத்தாலே விறைப்பு நன்றாக ஏறும்.

வடசேரிக்காரன், ஒரு தையல் நூலை எடுத்து உங்கள் சைக்கிளின் பார் மேல், அதாவது சின்ன வயதில் நாம் உட்கார்ந்து போவோமே அந்த மேல் குழாயில், ஒரு சுற்றுச் சுற்றி அளந்து சொல்லுங்கள். 80 மி.மீ. வந்தால் 25.4 விட்டம், பழைய ரோடு பைக் அளவு. 90 வந்தால் 28.6. லோடுக்கென்று செய்த ஃபிரேம்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும்.

வடசேரிக்காரன் | செவ்வாய், மதியம் 1.30
காற்று பின்னாலிருந்துதான் தள்ளியது, காவல்கிணறு பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அதனால்தான் 38 வரை போனது. இரண்டு கையும் பிடித்திருந்தேன், ஒரு கையால் தண்ணீர் பாட்டில் எடுத்தபோது உதறல் கூடியது. லோடு வழக்கமான லோடுதான். கம்பெனி தெரியவில்லை, யாரோ மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நூல் 80.

திண்டுக்கல்பூட்டு | செவ்வாய், மதியம் 1.38
வழக்கமான லோடு என்றால் யாருடைய வழக்கம்? எனக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு. கிலோவில் சொல்லுங்கள் தம்பி.

வடசேரிக்காரன் | செவ்வாய், மாலை 6.10
மன்னிக்கவும். பின்னால் இரண்டு பையும் சேர்த்து 16 கிலோ. கேரியர் மேல் டென்ட், அதற்கு மேல் 5 லிட்டர் தண்ணீர் கேன். ஹேண்டில்பார் பையில் கேமரா, பவர் பேங்க். முன் கேரியர் இல்லை. என் உயரம் 6 அடி, ஃபிரேம் 60 செ.மீ. டயர் 28.

மூன்றாம்கியர் | செவ்வாய், மாலை 6.45
இப்போதுதான் படம் தெளிகிறது. உயரமான ஃபிரேம், ஒல்லியான பார், பின்னால் ஒரு மூட்டை அரிசி. முன்னால் கனம் இருப்பது ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிற இடத்தில் மட்டும். மூட்டை ஒரு பக்கம் சாயும், ஃபிரேம் முறுக்கி அதை எதிர்ப்பக்கம் தள்ளும், அதோடு ஹேண்டிலும் திரும்பும். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் ஊஞ்சலைத் தாளத்துக்குத் தள்ளுகிற மாதிரி ஒன்றையொன்று ஏற்றிவிடும். ஃபிரேம் கோணல் என்று அர்த்தம் இல்லை, நேரான ஃபிரேமிலும் வரும்.

மறுபடி வந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்காலைப் பாரில் அழுத்துங்கள், பிட்டத்தைச் சீட்டிலிருந்து லேசாகத் தூக்குங்கள், மெல்ல வேகம் குறையுங்கள். அடங்கிவிடும்.

ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் கட்டக் கட்ட என்று தெரியும். கேரியர் கெட்டியாக நிற்கிறதா?

வடசேரிக்காரன் | செவ்வாய், இரவு 9.05
ஹெட்செட் நன்றாக இருக்கிறது. கேரியரும் கெட்டிதான். இடது பக்கம் கீழே போல்ட் மாட்டும் கண் வாங்கும்போதே உடைந்திருந்தது, அங்கே மட்டும் கேபிள் டை நாலு போட்டு இறுக்கியிருக்கிறேன்.

திண்டுக்கல்பூட்டு | செவ்வாய், இரவு 9.07
ஐயா.

க்ரோமோலி | செவ்வாய், இரவு 9.20
இதை முதல் வரியில் எழுதியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். 21 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் வாரில் தொங்குகிறது, கேள்வி ஃபிரேம் மாற்றலாமா என்பது!

ஓசிட்யூப் | செவ்வாய், இரவு 9.48
ஸ்டீல் வாங்குவதே இதற்குத்தானே அண்ணாச்சி. உடைந்த கண்ணைக் கோட்டாறில் ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போங்கள், பத்து நிமிட வேலை. அலுமினியத்தில் இது நடக்குமா?

மூன்றாம்கியர் | செவ்வாய், இரவு 10.15
இந்தக் 'கிராமத்தில்கூட வெல்டிங் செய்யலாம்' கதையை எல்லோரும் சொல்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் குறைவு. நல்ல டூரிங் ஃபிரேமில் குழாயின் நடுப்பகுதியில் தகட்டின் கனம் ஒரு மி.மீ.கூட இருக்காது. இரும்புக் கேட்டுக்கு வைக்கிற ஆர்க்கை அதில் வைத்தால் ஓட்டைதான்.

ஓசிட்யூப் | செவ்வாய், இரவு 10.31
கண் இருப்பது குழாயிலா? ஆக்சில் உட்காரும் தகட்டில். அது கனமான தகடு. அதோடு நான் ஆர்க் என்று எப்போது சொன்னேன்? கேஸில் பித்தளை வைத்து ஒட்டுவார்கள். நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிள் எல்லாம் மூட்டுக்கு மூட்டு பித்தளையில் ஒட்டியதுதான். நெல்லு மூட்டை ஏற்றவில்லையா அதில்?

க்ரோமோலி | செவ்வாய், இரவு 10.50
ஏற்றினார்கள், 38 கி.மீ. வேகத்தில் இல்லை. நான் ஒருமுறை ஒரு பட்டறையில் கொடுத்து ஒட்டி வாங்கினேன். ஒட்டு அருமை. ஆனால் சூட்டில் தகடு திரும்பி, பின்சக்கரம் அதன் பிறகு நேராக நிற்கவே இல்லை. சக்கரத்தை மாட்டிவைத்து ஒட்டச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

லலிதா_பின்சீட் | புதன், காலை 6.30
நீங்கள் எல்லாம் வெல்டிங்கில் இருக்கும்போது ஒரு சின்ன விஷயம். டூரிங் ஃபிரேமில் பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு கண் இருக்கும், ஒன்று கேரியருக்கு, ஒன்று மட்கார்டுக்கு. இன்னொன்று நன்றாக இருக்கிறதா பாருங்கள்.

வடசேரிக்காரன் | புதன், காலை 8.40
இருக்கிறது அக்கா! மட்கார்டு கம்பி மாட்டியிருக்கிறேன்.

லலிதா_பின்சீட் | புதன், காலை 8.52
அப்படியானால் பட்டறையே வேண்டாம். கொஞ்சம் நீளமான எம்5 போல்ட் ஒன்று வாங்குங்கள். கேரியர் கால் ஃபிரேமை ஒட்டி உள்ளே இருக்கவேண்டும், மட்கார்டு கம்பி அதற்கு வெளியே. மாற்றிப் போட்டால் போல்ட் வளைந்து ஒருநாள் முறியும். இடது பக்கம்தானே, உள்பக்கமாக நைலான் வைத்த நட்டு ஒன்றும் போட்டுவிடுங்கள். வலது பக்கமாக இருந்தால் அந்த நட்டு சின்னப் பல்லில் வரும் செயினை உரசும், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் அந்தத் தண்ணீர் கேன். கேரியர் உச்சியில் 5 கிலோ தளும்பிக்கொண்டு இருக்கக்கூடாது. திருச்செந்தூர், தூத்துக்குடி என்று வழி முழுக்கக் கடை இருக்கிறது, பாட்டில் இரண்டு போதும். ஃபோர்க்கின் நடுவில் ஏதாவது திருகு ஓட்டை இருக்கிறதா?

வடசேரிக்காரன் | புதன், காலை 9.10
இருக்கிறது. எதற்கென்று தெரியாமல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்திருந்தேன்.

ஓசிட்யூப் | புதன், காலை 9.25
அதுதான் லோ ரைடர் மாட்டும் இடம். முன்சக்கர அச்சின் உயரத்திலேயே பை தொங்கும். என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. இன்று மாலை திருநெல்வேலியில் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், வடசேரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். போய்வந்து திருப்பித் தந்தால் போதும். நம்பர் தனியாக அனுப்புங்கள். ஸ்டவ், அரிசி, டூல்ஸ் எல்லாம் முன்னால் போடுங்கள், துணிமணி பின்னால்.

உங்கள் டயர் 28 என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. டூருக்கு 26 இன்ச்தான். எந்தப் பெட்டிக்கடையிலும் டயர் கிடைக்கும்.

மூன்றாம்கியர் | புதன், காலை 9.50
எந்த 26? எம்டிபியில், அதாவது மலை சைக்கிளில், வருவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ. 26 × 1⅜ என்று லேடீஸ் சைக்கிளில் வருவது 590. கடைக்காரருக்கு இரண்டும் 26-தான்.

ஓசிட்யூப் | புதன், காலை 10.04
பழைய சைக்கிளைக் கண்ணால் பார்த்தாலே தெரியாதா கடைக்காரருக்கு? நாற்பது வருடமாக டயர் மாற்றுகிறவர்கள் அவர்கள்.

மூன்றாம்கியர் | புதன், காலை 10.22
28-இலும் இதே கூத்து. நம் கறுப்பு சைக்கிளின் 28 × 1½ என்பது 635. 700சி என்பது 622. அதையும் 28 என்றுதான் எழுதுகிறார்கள். 13 மி.மீ. வித்தியாசம். வடசேரிக்காரன், டயர் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், 35-622 என்கிற மாதிரி. கூடுதலாக ஒரு மடக்கு டயர் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்காற்று | புதன், காலை 11.15
எல்லாம் சரி, காற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

க்ரோமோலி | புதன், மதியம் 12.40
டயர் அளவுக்கு என்று தனியாக ஒரு பதிவு மேலே ஒட்டிவைத்திருக்கிறோம். எழுதியது நான்தான். படிக்கலாம்.

(அதற்குப் பிறகு 559-ஆ 622-ஆ என்று இருபது பதில்கள்.)

வடசேரிக்காரன் | வியாழன், இரவு 10.30
போல்ட் மாட்டியாச்சு, லோ ரைடர் வந்துவிட்டது. பின்னால் 11, முன்னால் 8 கிலோ. கேன் வீட்டில். இன்று மாலை அதே ரோடு, 40 தொட்டேன். உதறல் இல்லை. ஒரு கையை விட்டால் லேசாக ஒரு நெளிவு, அவ்வளவுதான். ஹேண்டில்தான் மெதுவாகத் திரும்புகிறது, பழகிவிடும். ஓசிட்யூப் அண்ணாச்சிக்கும் லலிதா அக்காவுக்கும் நன்றி. நாலரைக்குக் கிளம்புகிறேன்.

திண்டுக்கல்பூட்டு | வியாழன், இரவு 10.34
போய்வாருங்கள். கேபிள் டை நாலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வேறு எதற்காவது உதவும்.

வடசேரிக்காரன் | சனி, மதியம் 2.15
தூத்துக்குடி தாண்டியாச்சு. சைக்கிள் அசையவே இல்லை. பின் டயர் ஓரம் கிழிந்துவிட்டது. கடையில் 28 என்று கேட்டேன், புதுசாக ஒன்று கொடுத்தார். கையாலேயே சுலபமாக உட்கார்ந்தது, ஆனால் காற்றடித்தால் ஒரு பக்கம் எழும்பி ட்யூப் வெளியே வருகிறது. ரிம் பழுதா?

மூன்றாம்கியர் | சனி, மதியம் 2.19
டயரில் என்ன எழுதியிருக்கிறது?

வடசேரிக்காரன் | சனி, மதியம் 2.26
28 × 1½.