1.62 லட்சம் கிமீ ஓடிய டஸ்டர் 110, முதல் கார்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

தென்காசி_ஓட்டி

2014 மாடல் டஸ்டர் டீசல், 110 பி.எஸ்., 6 கியர், டூ வீல் டிரைவ். மீட்டரில் 1,62,000 கிமீ. விலை பேசியாச்சு, டோக்கன் இன்னும் கொடுக்கவில்லை. சர்வீஸ் பில் 90,000 கிமீ வரைதான் இருக்கு. டைமிங் பெல்ட் அதுக்கப்புறம் மாத்தினதா ஓனர் சொல்றார், பில் இல்லை. வண்டி விலை போக 1 லட்சம் தனியா வெச்சிருக்கேன். 17 இன்ச் அலாய், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, எல்.இ.டி. ஹெட்லைட், முன்னாடி கிராஷ் கார்டு, 1 இன்ச் லிஃப்ட், இதெல்லாம் ஆசை. எதை முதலில் செய்யணும், எதை விடணும்னு விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

டீசல்_பட்டறை

தம்பி, வாய்வார்த்தை டைமிங் பெல்ட்டுக்குச் செல்லாது. பில் இல்லைன்னா மாத்தலைன்னுதான் கணக்கு. டஸ்டரில் இருக்கிற இந்த கே9கே டீசல் இன்ஜினில், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கிற அந்த பெல்ட் அறுந்தா ரெண்டும் மோதிக்கும், இன்ஜின் ஹெட்டை இறக்கணும். வண்டி கைக்கு வந்ததும் அந்த 1 லட்சத்தில் முதல் செலவு இதுதான்.

அதுக்கு முன்னாடி, வாங்கும்போது பார்க்க வேண்டியது. காலையில் போ, முதலில் பானட்டைத் தொட்டுப் பார். சூடா இருந்தா ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க, இன்னொரு நாள் போ. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனி. நீலம் என்றால் ஆயில் எரியுது, டர்போவோ ரிங்கோ. வெள்ளை நிக்காம வந்தா இன்ஜெக்டர் அல்லது கூலன்ட். ஓட்டும்போது பிக்கப் இல்லாம கரும்புகை தள்ளினா முதலில் இன்டர்கூலர் ஹோஸ் (டர்போ காற்று போற குழாய்) வெடிச்சிருக்கான்னு பார். ஹோஸ் மேல எண்ணெய் கசிஞ்சு அழுக்கு ஒட்டியிருக்கும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா விசில் சத்தம் வரும். ஹோஸ் நல்லா இருந்தா அடுத்து புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்புற இ.ஜி.ஆர். வால்வும், டர்போ உள்ளே இருக்கிற வேன் இதழ்களும் கரி பிடிச்சிருக்கும்.

இன்ஜெக்டர் அடியில் தார் மாதிரி கறுப்பா உறைஞ்சு கிடந்து, ஐடிலில் "சுஃப் சுஃப்"னு கேட்டா காப்பர் வாஷர் போச்சு. வாஷர் விலை கம்மிதான். ஆனா நாள்பட விட்டா அந்தக் கரி இறுகி இன்ஜெக்டரைக் கழட்டவே பெரும்பாடு.

இந்த இன்ஜினுக்கு இன்னொரு பலவீனம், பிஸ்டனைக் கிராங்கோட இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் ஷெல் (உள்ளே இருக்கிற மெல்லிய உலோகத் தகடு). ஆயிலை நாள் கடத்தி மாத்தின வண்டிகளில்தான் தேயும். முதல் ஆயில் சர்வீஸில் பழைய ஃபில்டர் கேனை அறுத்து, உள்ளே இருக்கிற பேப்பரைப் பிரிச்சு வெயிலில் பார். தங்க நிறத்தில் மினுமினுப்பு இருந்தா ஷெல் தேயுது. காந்தம் வெச்சுப் பார்க்காதே. ஷெல் உலோகம் காந்தத்தில் ஒட்டாது. மினுமினுப்பு தெரிஞ்சா வண்டியை ஓட்டாம ஆயில் சம்ப் இறக்கி ஷெல் மாத்திடு. கிராங்க் அடி வாங்கிட்டா செலவு பல மடங்கு.

ஆயில் 5டபிள்யூ-40, ஏ3/பி4 தரம், ஃபில்டரோட சுமார் 4.5 லிட்டர். முதலில் 4 ஊத்து, மீதியை டிப்ஸ்டிக் பார்த்து ஊத்து. டிரெயின் போல்ட்டுக்கு 8 எம்.எம். சதுர சாவி வேணும். ஸ்பேனரைப் போட்டு அடிச்சா போல்ட் கெட்டுடும். வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. புக்கில் எவ்வளவு போட்டிருந்தாலும் இந்த வயசு வண்டிக்கு 7,500 கிமீக்கு ஒரு தடவை மாத்து.

தென்காசி_ஓட்டி

ரொம்ப நன்றிண்ணா. இங்கே ஒரு மெக்கானிக் பெல்ட் மட்டும் மாத்தினா போதும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் வாட்டர் பம்பும் நல்லாத்தான் இருக்கும்னு சொல்றார். அது சரியா?

டீசல்_பட்டறை

சரியில்லை. வாட்டர் பம்பைச் சுத்துறதே அந்த பெல்ட்தான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பம்ப் கசிஞ்சா கூலன்ட் பெல்ட் மேல விழும், அதே லேபர் திரும்பவும் கொடுக்கணும். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூணும் செட்டா வாங்கு. வெளியே ஓடுற ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் கூடவே மாத்து. அது நாராப் பிரிஞ்சா, நார் கிராங்க் புல்லி பின்னாடி புகுந்து டைமிங் பெல்ட்டையே தள்ளிடும். புது டைமிங் பெல்ட் போட்டும் இன்ஜின் போற வண்டிகள் பல இப்படித்தான் போகுது.

வேலை செய்யறவர்கிட்ட கிராங்க், கேம் ரெண்டுக்கும் லாக் பின் (அசையாம பூட்டி வைக்கிற ஆணி) இருக்கான்னு கேள். பெயின்ட் மார்க் வெச்சு மாத்தறவர்னா வேற இடம் பார். மாட்டினதும் கையால கிராங்கை ரெண்டு முழுச் சுத்து சுத்தி, பின் மறுபடி சரியா உட்காருதான்னு பார்த்த பிறகுதான் சாவி போடணும். கிராங்க் புல்லி போல்ட் புதுசு. வலப்பக்க இன்ஜின் மவுன்ட்டைக் கழட்டித்தான் இந்த வேலை நடக்கும். ரப்பர் வெடிச்சிருந்தா அப்பவே மாத்து.

லிங்க்ராட்

கிளட்சையும் சேர்த்துச் சோதியுங்கள். 5-ஆவது கியரில் 60 கிமீ வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது. 110-இல் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைக் குறைக்கும் இரட்டை அடுக்குச் சக்கரம்) இருப்பதால் அது பெரிய செலவு. இன்ஜினை அணைக்கும்போது "கடகட" என்று உதறினால் ஃப்ளைவீலும் சந்தேகம்தான். இதை விலையில் பேசிக் குறையுங்கள்.

கிளட்ச் பெடல் மெதுவாக உள்ளே போகிறது, பிரேக் ஆயில் மட்டமும் குறைகிறது என்றால் (கிளட்சுக்கும் அதே ஆயில்தான்) கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. அது கியர்பாக்ஸுக்குள்ளே இருப்பதால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். எதற்காக இறக்கினாலும் பிளேட், பிரஷர் பிளேட், ஸ்லேவ் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

சஸ்பென்ஷன் இந்த வண்டியின் பலம். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் மாற்றினால் பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். பின் பிரேக் டிரம்மைத் திறந்து தூசி எடுத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பிரேக் ஆயில் டாட் 4. நிசான் டெரானோவுக்கும் இதே இன்ஜின்தான். பாகம் கிடைக்காவிட்டால் அங்கேயும் கேளுங்கள்.

ஒயரிங்_ராசா

ஆசைப்பட்ட லிஸ்டுக்கு வர்றேன். கிராஷ் கார்டு வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லியாச்சு, அதைவிட மோதலில் அடியை நேரா சேசிஸுக்குக் கடத்தும், ஏர்பேக் விரியும் நேரமும் கெடும். லிஃப்ட் போட்டா டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். 205 எம்.எம். கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கிற வண்டிக்கு அது எதுக்கு?

அலாய் போடறதுன்னா ஒரிஜினல் 215/65 ஆர்16-க்குப் பதில் 215/60 ஆர்17 போடு, வெளிச்சுற்றளவு அரை சதவீதம்தான் மாறும். 235/70 ஆர்16 கம்பீரமா தெரியும், ஆனா 7 சதவீதம் பெரிசு. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-இல் போகும், பிக்கப்பும் அடிவாங்கும். 5 போல்ட், 114.3 எம்.எம். பி.சி.டி. (போல்ட் ஓட்டைகள் இருக்கிற வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 66.1 எம்.எம். ஓட்டை பெரிசா இருக்கிற அலாய்னா இடைவெளியை அடைக்கிற ஹப் ரிங் கேட்டு வாங்கு, இல்லைன்னா 90-க்கு மேல ஸ்டீரிங் ஆடும். இப்போ வண்டியில் இருக்கிற டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் பார்: 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம். பட்டன் இருந்தாலும் வயசான டயர் வேண்டாம்.

ஹாலஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்ப் போட்டா வெளிச்சம் சிதறி எதிரில் வர்றவர் கண்ணைக் குத்தும். லென்ஸ் மஞ்சளாகியிருந்தா அதுதான் பாதி இருட்டு. தண்ணி விட்டு 800, 1500, 2000, 3000 உப்புத்தாளால வரிசையா தேய்ச்சு, காம்பவுண்ட் போட்டு, யு.வி. கிளியர் அடி, கிளியர் அடிக்கலைன்னா சில மாசத்தில் திரும்ப மஞ்சளாகும். லைட் எரியும்போது பேட்டரி முனையிலும் பல்ப் முனையிலும் வோல்ட் அள. 1 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா ரிலே ஹார்னஸ் (பேட்டரியிலிருந்து நேரா கரன்ட் எடுக்கிற தனி ஒயர் செட்) போடு, அதே வாட் பல்பே பளிச்னு எரியும்.

ஸ்டீரியோவுக்கு ஒயரை வெட்ட விடாதே, அப்படியே செருகுற கப்ளர் கேட்டு வாங்கு. மாட்டின பிறகு வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழிச்சு பேட்டரி நெகட்டிவில் மல்டிமீட்டரை சீரிஸில் வெச்சுப் பார். 50 மில்லி ஆம்பியருக்கு மேல இழுத்தா, வாரக்கணக்கில் நிறுத்தி வெச்சா பேட்டரி இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆகாம போகலாம்.

பரிவாகன்_பார்

டோக்கனுக்கு முன் வண்டி எண்ணைப் போட்டு இ-சலான் பாக்கி, ஹைப்போதிகேஷன் (வண்டி மீதான கடன் பதிவு), இன்சூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நின்றால் ஓனரிடம் கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிமாநில வண்டியென்றால் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். 2014 வண்டிக்கு ஆர்.சி. 2029 வரைதான், அந்தத் தேதியையும் விலை பேசும்போது சொல்லுங்கள்.