கடலோர கோல்ஃப் பயணம்: எந்த டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) ஆடலாம்?

வணக்கம். நாங்கள் நான்கு பேர், ஒரு வாரம் கோல்ஃப் ஆடுவதற்கென்றே கிளம்புகிறோம். என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறமை அதிகம்) 22. மற்றவர்களுக்கு 12 முதல் 28 வரை. பார்க்க அழகாகவும் ஆடக் கடினமாகவும் இருக்கும் கோர்ஸ்கள்தான் வேண்டும்.

ஆனால் போன முறை பட்ட பாடு மறக்கவில்லை. கடலைத் தாண்டி அடிக்க வேண்டிய ஒரு பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல்), முகத்தில் அறையும் எதிர்க்காற்று. மூன்று பந்துகள் தண்ணீரில். நான்காவதைத் துடைத்துப் பையிலேயே போட்டுக்கொண்டு நடந்தேன். போட்டோ மட்டும் அருமையாக வந்தது!

ஸ்லோப் ரேட்டிங் (சாதாரண ஆட்டக்காரருக்கு கோர்ஸ் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) 113 என்றால் நடுத்தரம், உச்சம் 155 என்பது தெரியும். அன்று ஆடியது 140-க்கு மேல், அதுவும் தூரம் அதிகமான பின் டீயிலிருந்து. வீம்புதான், வேறென்ன. ஆனால் கடற்கரையில் அந்த எண்ணை மட்டும் நம்பலாமா? கலிபோர்னியாவின் கடலோர கோர்ஸான பெபிள் பீச்சின் 7-வது ஹோல் நூறு கஜத்தைச் சற்றே தாண்டும், 1992 யு.எஸ். ஓப்பன் கடைசி நாள் காற்றில் அந்தப் போட்டியை வென்ற டாம் கைட்டே அங்கே, வழக்கமாக இன்னும் நெடுந்தூரத்துக்கு எடுக்கும் 6 அயர்ன் மட்டையை எடுத்தார். அப்படியென்றால் நாங்களெல்லாம் எம்மாத்திரம்?

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: காற்று பலமான நாளில் ஆளுக்கொரு டீயிலிருந்து ஆடி, கோர்ஸ் ஹேண்டிகேப்பை (அந்தந்த டீக்கு ஏற்ற ஹேண்டிகேப்) சரிசெய்துகொண்டால் ஆட்டம் சுவையாக இருக்குமா? ஏழு நாளில் ஐந்து ரவுண்டு நடந்தே ஆட முடியுமா, இடையில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமா? அப்புறம், தெரியாத கோர்ஸில் முதல் ரவுண்டுக்காவது கேடி (பையைத் தூக்கி வழிகாட்டும் உதவியாளர்) வைத்துக்கொள்வது நல்லதா? என் முழங்கால் கார்ட்டுக்குத்தான் ஓட்டுப் போடுகிறது.