புதுப்பிப்பு: பேர் தெரியாத ஹோயா ஒருவழியா பூத்துடுச்சு

லேபிள் இல்லாத ஹோயா (தடிச்ச இலையோட கொடியா படர்ற பூச்செடி) ஒண்ணு போட்டோ போட்டு இது கார்னோசாவா பியூபிகேலிக்ஸான்னு (ரெண்டுமே ஹோயால வேற வேற இனம்) கேட்டிருந்தேன்ல, பாதி பேர் அது பாதி பேர் இதுன்னீங்க. இப்ப கொத்தா பூ வந்துடுச்சு, வெளிர் பிங்க், வெல்வெட் மாதிரி, நடுவுல வெள்ளை ஸ்டார், அதுக்குள்ள சிவப்பு, அதனால கார்னோசாதான். பியூபிகேலிக்ஸ்னா இலை இன்னும் நீளமா ஒல்லியா இருக்கும், பூவும் பெரும்பாலும் டார்க்கா வரும். இலைல வெள்ளிப் புள்ளி இருக்கே அது பியூபிகேலிக்ஸ்னு சொன்னவங்களுக்கு, அது கார்னோசாலயும் வரும், அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

என்ன பண்ணேன்னு கேட்டவங்களுக்கு, ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம், மரப்பட்டைத் துண்டும் பெர்லைட்டும் (தண்ணி தேங்காம இருக்கப் போடுற வெள்ளையான லேசான துகள்) கலந்த மண், காஞ்ச பிறகுதான் தண்ணி, சின்ன தொட்டிலயே விட்டுட்டேன், அவ்ளோதான். இலையே இல்லாம நீளமா ஓடுற கொடிய வெட்டாதீங்க, இலை அப்புறமா வரும். பூ உதிர்ந்ததும் அந்தக் காம்பையும் வெட்டிடாதீங்க ப்ளீஸ், அடுத்த தடவை அதே காம்புலதான் மொட்டு விடும். ராத்திரி வாசனை தூக்குது, ஆனா தேன் சொட்டி கீழ தரையெல்லாம் பிசுபிசுன்னு ஆகுது, அத யாருமே சொல்லல!